எங்கள் ஊரில் யார் யார் இருக்கிறார்கள்?

எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் மக்கள்தொகை பற்றி ஒரு பத்தி வரும். வெள்ளையர் இத்தனை சதவீதம், கறுப்பினத்தவர் இத்தனை, ஆசியர் இத்தனை, பூர்வகுடியினர் இத்தனை, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனத்தவர் இத்தனை. கடைசியில் தனியாக ஒரு வரி: ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ (ஸ்பானிய, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்), எந்த இனமானாலும், இத்தனை சதவீதம். அமெரிக்காவில் எந்தச் சிற்றூரை எடுத்தாலும் இதே பத்திதான் இருக்கும், எண்கள் மட்டும் மாறும். வேலை கிடைத்து இந்தப் பக்கம் வரும் நம்மவர்கள் பலரும் முதலில் படிப்பது இதைத்தான். "உங்க ஊர்ல ஆசியர் ரொம்பக் கம்மியா இருக்காங்களே, எப்படி இருக்கீங்க?" என்று போனில் கேட்கிறார்கள்.

நான் இருப்பது அயோவா மாநிலத்தில். ஊரில் ஒரு இறைச்சி ஆலை, ஒரு சின்னக் கல்லூரி, சுற்றிலும் சோளமும் சோயாவும். 2020 கணக்கெடுப்பின்போது படிவம் நிரப்ப உதவும் தன்னார்வலராக இருந்தேன். அப்புறம் ஊர் லைப்ரரியின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தபோது, எந்த மொழிப் புத்தகங்கள் வாங்கலாம், யாருக்கு என்ன வகுப்பு நடத்தலாம் என்று பார்ப்பதற்காக அதே கணக்கெடுப்பு எண்களை அலசும் வேலை எனக்கு வந்தது. படிவம் நிரம்புவதையும் பார்த்தேன், அது அட்டவணையாகி வெளியே வருவதையும் பார்த்தேன். அதனால் அழுத்தமாகவே சொல்கிறேன்: சின்ன ஊரைத் தெரிந்துகொள்ள சதவீதம் உதவாது. ஆட்களை எண்ண வேண்டும், எந்த விதிப்படி எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும், மிச்சத்தை நேரில் போய்க் கேட்க வேண்டும்.

முதலில் படிவத்திலிருந்து தொடங்குகிறேன். 2020 படிவத்தில் இதற்கென்று இரண்டு கேள்விகள் இருந்தன. ஹிஸ்பானிக் வம்சாவளியா, இல்லையா என்பது ஒன்று. என்ன இனம் என்பது அடுத்தது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். இணையத்தில் வரும் அந்தப் பத்தியில் எல்லாவற்றையும் கூட்டினால் நூறைத் தாண்டுவதற்குக் காரணம் இதுதான். ஹிஸ்பானிக் என்று சொன்னவர்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு இனத்தின் கீழும் எண்ணப்பட்டிருப்பார்கள். ஊரில் "வெள்ளையர்" என்று வருவதில் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களும் இருக்கலாம். இரண்டு பேர் எண்களைச் சண்டைக்கு இழுக்கும்போது, ஒருவர் எல்லா வெள்ளையரையும் சொல்வார், இன்னொருவர் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரை மட்டும் சொல்வார். இரண்டுமே சரியான எண்தான். எது எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று கேட்டாலே பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

2020 கோடையில், கோவிட் காரணமாக லைப்ரரிக்குள் யாரையும் விடாத நேரம், வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். ஆலையில் இரண்டாவது ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் மதியம் அந்தப் பக்கமாக வருவார்கள். குவாத்தமாலாவைச் சேர்ந்த ஒரு அம்மா காகிதப் படிவத்தோடும் பள்ளியில் படிக்கும் மகனோடும் வந்தார். ஹிஸ்பானிக் கேள்விக்கு ஆமாம் என்று குறித்து, குவாத்தமாலா என்று மகன் எழுதினான். அடுத்து இனம். பையன் ஒவ்வொரு கட்டமாகப் படித்துச் சொன்னான். வெள்ளை என்றதும் இல்லை என்று தலையாட்டினார். கறுப்புக்கும் அப்படியே. பையன் நேராகக் கடைசிக் கட்டமான "வேறு இனம்" என்பதற்குப் போனான். அதற்குள் அந்த அம்மா நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். அமெரிக்கப் பூர்வகுடி என்ற கட்டத்துக்குக் கீழே, பொடி எழுத்தில், உதாரணத்துக்குச் சில பெயர்கள் போட்டிருக்கும்: நவஹோ, பிளாக்ஃபீட், மாயன், அஸ்டெக். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் மாயன் என்ற சொல்லை அடையாளம் கண்டுகொண்டார். மார்பில் கை வைத்து "மாம்" என்றார். மாம் என்பது மாயன் மொழிகளில் ஒன்று. அவரும் மகனும் அதுவரை பேசிக்கொண்டிருந்ததும் அந்த மொழியில்தான், ஸ்பானியத்தில் இல்லை.

அந்த ஒரு படிவம் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. அட்டவணையில் அவர் ஹிஸ்பானிக் வரியிலும் வருவார், பூர்வகுடி வரியிலும் வருவார். அயோவாவில் பூர்வகுடி என்றால் எல்லோருக்கும் மெஸ்க்வாக்கி மக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1857இல் டாமா அருகே தங்கள் நிலத்தைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிக் குடியேறியவர்கள் அவர்கள். எங்கள் ஊரின் அந்த வரியில் குவாத்தமாலாவின் மலைக் கிராமத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள் என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாடு முழுக்கவும் இப்படித்தான். பூர்வகுடி என்று தனியாகவோ வேறு இனத்தோடு சேர்த்தோ குறித்தவர்கள் 2010இல் 52 லட்சம், 2020இல் 97 லட்சம். பத்து வருடத்தில் அத்தனை குழந்தைகள் பிறந்துவிடவில்லை. மக்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட விதமும், படிவம் கேட்ட விதமும், எழுதியதைப் பதிவு செய்த விதமும் மாறின.

இன்னொரு விஷயம். ஹிஸ்பானிக் எண்ணிக்கையை வைத்து ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று பள்ளிகளும் மருத்துவமனைகளும் நினைப்பது வழக்கம். இந்த அம்மாவைப் போன்றவர்களுக்கு ஸ்பானியம் இரண்டாவது மொழி, சிலருக்கு அதுவும் அரைகுறைதான். டாக்டர் சொல்வது பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டிவிட்டு வருவார்கள். நம் வீட்டுப் பெரியவர்களை இந்தி மொழிபெயர்ப்பாளரிடம் விட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் கதையும் அங்கேயே நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வழியாக வந்து இங்கே குடியிருக்கும் ஒரு அண்ணன் படிவத்தோடு வந்து நின்றார். "தங்கச்சி, நான் இந்தியன் இல்லைத்தானே, இதில எங்க போடுறது?" என்றார். ஆசியர்களுக்கான கட்டங்கள் சீனர், ஃபிலிப்பினோ, இந்தியர், வியட்நாமியர், கொரியர், ஜப்பானியர் என்று இருந்தன. மற்றவர்கள் "வேறு ஆசியர்" என்பதில் எழுத வேண்டும். அவர் அதில் இலங்கைத் தமிழர் என்று எழுதினார். ஆக, பொங்கலுக்கு ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடும் நாங்கள் அட்டவணையில் இரண்டு வேறு வரிகளில் இருக்கிறோம்.

தமிழ் என்ற ஒன்றை அரசாங்கம் கேட்பது வேறு ஓர் இடத்தில். அமெரிக்கச் சமூக ஆய்வு (American Community Survey) என்று வருடம் முழுக்க நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்ற கேள்வி அதில்தான் வரும். 2016 முதல் அதன் விரிவான அட்டவணையில் தமிழுக்குத் தனி வரி இருக்கிறது. ஆனால் சின்ன ஊர்களுக்குக் கிடைக்கும் சுருக்க அட்டவணையில் தமிழ் "பிற ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்" என்ற பெரிய மூட்டைக்குள் போய்விடும். இந்தி "பிற இந்தோ-ஐரோப்பிய மொழிகள்" என்பதற்குள் போகும். இந்த வகைப்பாடு தெரியாமல் அந்த வரியைப் பார்த்தால் ஊரில் தமிழ் பேசுகிறவர் இருப்பதாகவே தோன்றாது.

கலப்புக் குடும்பங்களை மறந்துவிடக்கூடாது. அம்மா மதுரை, அப்பா அயோவா வெள்ளையர் என்றால் பிள்ளைக்கு இரண்டு கட்டத்தையும் குறிக்கலாம். 2000ஆம் ஆண்டிலிருந்துதான் இதற்கு அனுமதி. அப்படிக் குறித்தால் அந்தப் பிள்ளை "இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனத்தவர்" வரியில் சேரும், "ஆசியர் மட்டும்" என்ற வரியில் வராது. அதனால் "தனியாகவோ சேர்த்தோ" என்று ஒரு தனி எண் கொடுப்பார்கள், அதையும் பார்க்க வேண்டும். நாடு முழுக்க 2020இல் ஆசியர் மட்டும் என்றால் 1 கோடியே 99 லட்சம். சேர்த்துப் பார்த்தால் 2 கோடியே 40 லட்சம். சின்ன ஊரில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அங்கே ஆசியர்களிடையே கலப்புத் திருமணங்கள் சகஜம்.

லைப்ரரிக் கூட்டம் ஒன்றில் ஊர்க்காரர் ஒருவர் 1970 முதல் 2020 வரை ஊரின் இனவாரி வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தார். அழகாகப் போட்டிருந்தார். ஆனால் அந்த ஐம்பது வருடத்திலும் அதற்கு முன்பும் கேள்வியே எத்தனை தடவை மாறியிருக்கிறது! 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் இந்தியாவிலிருந்து வந்தவர் யாரானாலும், முஸ்லிமானாலும் சீக்கியரானாலும், இனம் என்ற இடத்தில் "இந்து" என்றே எழுதினார்கள். 1923இல், குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் இந்தியர் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே இந்தியர்களை 1970 கணக்கெடுப்பில் வெள்ளையர் என்ற வகையில் சேர்த்தார்கள். அமெரிக்காவில் இருந்த இந்தியச் சங்கங்கள் விடாமல் கேட்டதன் பிறகு 1980இல்தான் "ஆசிய இந்தியர்" என்ற கட்டம் வந்தது. ஆக 1970இல் ஊரில் ஒரு இந்திய டாக்டர் குடும்பம் இருந்திருந்தால் அந்த வரைபடத்தில் வெள்ளையராக இருந்திருக்கும், 1980இல் திடீரென்று ஆசியராக முளைத்திருக்கும். மெக்சிகர்களுக்கும் இதே கதைதான். 1930இல் மட்டும் அவர்களைத் தனி இனமாக எண்ணினார்கள், பிறகு அதை எடுத்துவிட்டார்கள்.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வரைபடத்தில் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் கீழே, அந்த வருடம் படிவம் என்ன கேட்டது என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தார். இப்போது அதுதான் லைப்ரரிச் சுவரில் தொங்குகிறது. மாணவர்கள் நின்று படிக்கிறார்கள்.

2010ஐயும் 2020ஐயும் ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 2020 முடிவு வந்ததும் "வெள்ளையர் எண்ணிக்கை சரிந்தது" என்று எங்கும் பேச்சு. வெள்ளையர் மட்டும் என்பவர்கள் 20 கோடியே 43 லட்சமாகக் குறைந்தது உண்மை. பல இனத்தவர் 90 லட்சத்திலிருந்து 3 கோடியே 38 லட்சமாக ஏறியதும் உண்மை. ஆனால் 2020இல் வெள்ளையர், கறுப்பர் கட்டங்களிலும் பூர்வீகத்தை எழுத இடம் கொடுத்தார்கள். முன்பு 30 எழுத்து வரை பதிவு செய்தார்கள், இப்போது 200 எழுத்து. எழுதியதில் முன்பு இரண்டு பூர்வீகங்களுக்குக் குறியீடு போட்டார்கள், இப்போது ஆறு வரை. வெள்ளை என்று குறித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு லத்தீன் அமெரிக்க நாட்டின் பெயரை எழுதியவர் பல இனத்தவராகப் பதிவாகியிருக்கக்கூடும். இது தெரியாமல் ஊர்க் காப்பிக் கடையில் ஒருவர் பயந்துபோய்ப் பேசினார், இன்னொருவர் கொண்டாடினார். அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் பத்து வருடமாக அதே ஆட்கள்தான்.

சின்ன ஊரில் எண்ணைப் புரட்டிப்போடும் இன்னொரு காரணம், மொத்தமாக ஒரே கட்டடத்தில் தங்குபவர்கள். வழக்கமாக எங்கே தூங்குகிறாரோ அங்கேதான் ஒருவரை எண்ண வேண்டும் என்பது விதி. கல்லூரி விடுதி மாணவர் கல்லூரி ஊரில் எண்ணப்படுவார், சிறைக்கைதி சிறை இருக்கும் ஊரில். எங்கள் மாநிலத்திலேயே அனமோசா என்ற சிற்றூரில் இதன் விளைவு அப்பட்டமாகத் தெரிந்தது. அங்கே மாநிலச் சிறை இருக்கிறது. நகர மன்றத்தின் ஒரு வார்டில் கிட்டத்தட்ட எல்லோருமே கைதிகள், அவர்களுக்கு ஓட்டு கிடையாது. 2005 தேர்தலில் அந்த வார்டில் யாரும் போட்டியிடவில்லை. வாக்குச் சீட்டில் பெயரை எழுதிப் போட்ட இரண்டே ஓட்டில் ஒருவர் ஜெயித்தார். பிற்பாடு ஊர்க்காரர்கள் வார்டு முறையையே மாற்றிவிட்டார்கள். இப்படி ஒரு ஊரின் அட்டவணையில் கறுப்பினத்தவர் விகிதம் அதிகமாகத் தெரிந்தால், அவர்கள் தெருவில் குடியிருக்கிறார்களா, மதிலுக்குள் இருக்கிறார்களா என்று பார்க்காமல் எதையும் சொல்லக்கூடாது. கணக்கெடுப்பு அட்டவணைகளில் குழுவாகத் தங்குபவர்களுக்கு என்று தனி வரி உண்டு. எந்தச் சிற்றூரைப் பார்த்தாலும் நான் முதலில் திறப்பது அதைத்தான்.

எங்கள் ஊரில் கல்லூரி. 2020 மார்ச்சில் கோவிட் வந்ததும் மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கணக்கெடுப்பு நாள் ஏப்ரல் 1. விடுதியில் இருந்தவர்களைக் கல்லூரி தன் பதிவேட்டிலிருந்து கொடுக்க முடிந்தது. வெளியே வாடகைக்கு அறை எடுத்திருந்தவர்கள் கதை வேறு. சிலர் வீட்டில் பெற்றோர் தங்கள் படிவத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கல்லூரிக்கு வெளிநாட்டு மாணவர்கள் நிறைய வருகிறார்கள் என்றால், ஊரின் ஆசியர் எண்ணிக்கையில் ஒரு பங்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அவர்களை நம்பி மளிகைக் கடை தொடங்க நினைப்பவர் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அப்புறம், மாதிரிக் கணக்கெடுப்பு எண்களில் இருக்கும் பிழை வரம்பு. முன்னே சொன்ன சமூக ஆய்வு வருடத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளை மாதிரியாக எடுக்கிறது. 65,000 பேருக்குக் குறைவான ஊர் என்றால் பெரும்பாலும் ஐந்து வருடத் தரவைச் சேர்த்துத்தான் மதிப்பீடு கொடுப்பார்கள். 2,000 பேர் உள்ள ஊரில் ஒரு சிறுபான்மை 20 பேர், பிழை வரம்பு கூட்டிக் கழித்து 25 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு அர்த்தம், ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம், நாற்பத்தைந்து பேரும் இருக்கலாம் என்பதுதான். அதை "ஒரு சதவீதம்" என்று எழுதிவிட்டால் உறுதியான எண் போலத் தோன்றும். அதே ஊரில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வீடு மாறினால் அந்தச் சமூகத்தில் கால்வாசி போய்விடும். அடுத்த வருட அறிக்கையில் அது "25 சதவீத வீழ்ச்சி" ஆகிவிடும்! உண்மையில் நடந்தது ஒருவருக்கு மாநிலத் தலைநகர் டெஸ் மாய்னில் வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

இன்னும் கீழே இறங்கி, தெரு அளவுக்குப் போய்ப் பார்க்காதீர்கள். கணக்கெடுப்பின் மிகச் சிறிய பகுதிக்கு பிளாக் என்று பெயர். எங்கள் தெருவை உள்ளடக்கிய பிளாக்கின் 2020 எண்ணைப் பார்த்தேன். அதில் இருந்த ஆசியர் எண்ணிக்கைக்கும் நான் அறிந்த குடும்பங்களுக்கும் சம்பந்தமே இல்லை. காரணம் சரியானதுதான். யார் எந்தப் பதில் சொன்னார்கள் என்று ஒருவரும் கண்டுபிடித்துவிடக்கூடாது என்பதற்காக, 2020இல் சிறிய பகுதிகளின் எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்து வெளியிட்டார்கள். ஆட்களின் எண்ணிக்கைகளில் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை மட்டும் கலைக்கப்படாமல் அப்படியே இருக்கும். பிளாக்குகளைச் சேர்த்து ஊர் அளவுக்கு வரும்போது அந்தக் கலைப்பு ஓரளவு சமனாகிவிடும். ஒரு தெருவில் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தால் அவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இது. நான் இதை மனதார வரவேற்கிறேன்.

பாதுகாப்பு என்றதும் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயம் இருக்கும் ஊரில் எண் சரியாக வராது. அயோவாவின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில் 2008 மே 12 அன்று ஒரு இறைச்சி ஆலையில் குடிவரவு அதிகாரிகள் புகுந்து 389 பேரைக் கைது செய்தார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள். அதை இந்தப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் இன்னும் மறக்கவில்லை. 2020 படிவத்தில் குடியுரிமைக் கேள்வியைச் சேர்க்கும் முயற்சியை 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கேள்வி வரவில்லை, ஆனால் பயம் வந்துவிட்டது. எங்கள் மேசைக்கு வந்தவர்கள் முதலில் கேட்டது, "இது யார் கைக்குப் போகும்?" என்பதுதான். சட்டம் என்ன சொல்கிறது என்று சொன்னோம். தனிநபர் விவரத்தை வெளியே சொல்லும் கணக்கெடுப்பு ஊழியருக்கு ஐந்து வருடம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். பெயரோடு கூடிய பதிவுகள் 72 வருடம் கழித்தே வெளிவரும். 1950 பதிவுகளே 2022இல்தான் வந்தன. சிலர் கேட்டுவிட்டு உட்கார்ந்து நிரப்பினார்கள். சிலர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வற்புறுத்தவில்லை.

விடுபட்டவர்கள் யார் என்பதும் எல்லா இனத்துக்கும் ஒரே மாதிரி இல்லை. கணக்கெடுப்புக்குப் பிறகு நடத்திய சரிபார்ப்பு ஆய்வில், நாடு முழுக்க ஹிஸ்பானிக் மக்களில் 4.99 சதவீதமும், கறுப்பினத்தவரில் 3.30 சதவீதமும் நிகரக் கணக்கில் எண்ணப்படாமல் போனது தெரிந்தது. வெள்ளையரும் ஆசியரும் கொஞ்சம் கூடுதலாகவே எண்ணப்பட்டிருந்தார்கள். ஆலை ஊர்களின் ஹிஸ்பானிக் எண்ணைப் படிக்கும்போது இதை நினைவில் வைப்பது நியாயம்.

எண்களைவிட வேகமாக ஊரைக் காட்டுவது பள்ளி. பள்ளி மாவட்டங்கள் ஒவ்வொரு வருடமும் மாணவர் விவரம் வெளியிடுகின்றன. ஸ்டார்ம் லேக் என்ற ஊரைப் பாருங்கள். சுமார் 11,000 பேர். 1975இல் அயோவா ஆளுநர் ராபர்ட் ரே, தென்கிழக்கு ஆசியாவின் தை டாம் அகதிகளை மாநிலத்துக்குள் வரவேற்றார். அதன் தொடர்ச்சியாக லாவோஸ் மக்கள் அந்த ஊருக்கு வந்தார்கள், பிறகு ஆலை வேலைக்காக மெக்சிகோ, மத்திய அமெரிக்கா என்று பல இடங்களிலிருந்தும் வந்தார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் முதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், ஒன்றாம் வகுப்பில் நிலைமை தலைகீழ். மொத்த ஊருக்கும் ஒரு சதவீதத்தைச் சொன்னால் இரண்டுமே மறைந்துவிடும். வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பள்ளிக் கணக்கில் ஹிஸ்பானிக் என்று சொன்ன பிள்ளையை வேறு இனத்தில் சேர்க்க மாட்டார்கள். அதனால் பள்ளி எண்ணையும் கணக்கெடுப்பு எண்ணையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது.

லைப்ரரியில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். ஆசியர் வரியைப் பார்த்துவிட்டு, சீன மொழிப் புத்தகங்கள் வாங்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் ஊரின் ஆசியர்களில் பெரும்பாலோர் பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த கரேன் மக்களும் லாவோஸ்காரர்களும் என்பது பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியைக்குத் தெரியும், மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை மதியம் தேவாலயத்தை அவர்களுக்கு வாடகைக்கு விடும் பாதிரியாருக்கும் தெரியும். எண்ணை வைத்துக்கொண்டு இந்த மூவரிடமும் போனோம். கேள்வியையும் மாற்றிக் கேட்டோம். "நீங்கள் எந்த இனம்?" என்று கேட்டால் ஆட்கள் சுருங்கிவிடுகிறார்கள். "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், எந்த மொழியில் வாசிப்பீர்கள், பிள்ளைக்கு எந்த மொழியில் கதை சொல்வீர்கள்?" என்று கேட்டால் நின்று பேசுகிறார்கள். பேசுவதும் வாசிப்பதும் வேறு வேறு என்பது அங்கேதான் தெரிந்தது. மாம் பேசும் குடும்பங்கள் பலவற்றில் பெரியவர்களுக்கு அந்த மொழியை வாசிக்கும் பழக்கம் இல்லை. அவர்களுக்குப் புத்தகம் வாங்கி அலமாரியில் வைத்து என்ன பயன்? கதை சொல்லும் நேரத்துக்கு அவர்களில் ஒருவரையே அழைத்துச் சம்பளமும் கொடுத்தோம். கரேன் குடும்பங்கள் அச்சுப் புத்தகம் கேட்டார்கள், வாங்கினோம். நேரமும் முக்கியம். இரண்டாவது ஷிஃப்ட் அம்மாக்களுக்கு மாலை ஆறு மணி வகுப்பு பயன்படாது, காலை பத்து மணிக்கு மாற்றினோம்.

ஊர் பார்க்கும் நம்மவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். ஆசியர் சதவீதத்தைப் பார்த்து ஊரை ஒதுக்காதீர்கள், அதைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கவும் செய்யாதீர்கள். இந்தியர் என்ற வரியில் குஜராத்தி மோட்டல் குடும்பங்கள் இருக்கலாம், தெலுங்கு டாக்டர்கள் இருக்கலாம், தமிழர் ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம். கணக்கெடுப்பு இணையதளத்தில் ஊர்ப் பெயரோடு டிபி1 என்று போட்டால் 2020இன் முழு எண்ணிக்கை வரும். பி03002 என்று போட்டால் இனமும் ஹிஸ்பானிக்கும் சேர்ந்த அட்டவணை பிழை வரம்போடு வரும். அரை மணி நேர வேலை. அப்புறம் அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் மூன்று மணிக்குப் போய் நின்று பாருங்கள். லைப்ரரி அறிவிப்புப் பலகையில் எத்தனை மொழி இருக்கிறது என்று பாருங்கள். வாடகை வீட்டில் ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டு வீடு வாங்கினால் இன்னும் நல்லது.

2024 மார்ச்சில் மத்திய அரசு இனவாரி விதியைத் திருத்தியது. இரண்டு கேள்விகளும் ஒன்றாகும், ஹிஸ்பானிக் என்பதும் மற்றவற்றோடு ஒரு கட்டமாகும், மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்களுக்குத் தனிக் கட்டம் என்பது அந்தத் திருத்தம். கேள்வி மாறினால் பதிலும் மாறும். ஆகவே அடுத்த முறை எண்கள் குதித்தால் முதலில் படிவத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். 2020இல் தமிழில் படிவம் இல்லை. இணையத்திலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர 12 மொழிகளில் பதில் சொல்லலாம், அதில் தமிழ் கிடையாது. ஆனால் 59 மொழிகளில் வெளியிட்ட வழிகாட்டியில் தமிழும் இருந்தது. எங்கள் ஊரிலேயே அது தெரியாமல் பேரன் வரும்வரை படிவத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த பாட்டி ஒருவர் உண்டு. 2030க்கு முன் ஊர்கள், யாரும் விடுபடாமல் எண்ணப்படுவதைப் பார்த்துக்கொள்ள, தங்களுக்கென்று ஒரு முழு எண்ணிக்கைக் குழு அமைத்துக்கொள்ளலாம், அதற்கு நகர மன்றத்தின் தீர்மானம் போதும். எங்கள் ஊரில் அதற்கான பெயர்களை இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டோம். ஆங்கில ஆசிரியை இருக்கிறார், கரேன் சபையிலிருந்து ஒருவர் வருகிறார், யாழ்ப்பாணத்து அண்ணன் ஒத்துக்கொண்டுவிட்டார். மாம் தெரிந்த அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், அவனிடமும் பேசியிருக்கிறோம். ஆலையின் இரண்டாவது ஷிஃப்டிலிருந்துதான் இன்னும் ஒருவர் வேண்டும்.